மங்கிய வானில் ஒரு மாசி இரவு

மனிதன் எழுத்தறிவதற்கு முன்பே வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டான். உழவன் பருவம் அறிந்தது வானத்தைப் பார்த்துத்தான். கடலோடி திசை அறிந்ததும் வானத்தைப் பார்த்துத்தான். விடிவெள்ளி முளைத்ததைக் கண்டு ஏர் பூட்டிய பாட்டன்மார் கைக்கடிகாரம் கட்டியவர்கள் அல்லர். ஆனால் இன்று நகர்ப்புறக் கல்லூரியில் பயிலும் மாணவன் ஒருவனை இரவு எட்டு மணிக்கு மைதானத்துக்கு அழைத்துச் சென்று, "எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன?" என்று கேட்டால், விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவான். எண்ணி முடித்தும் விடுவான்!

"வானியல் என்றால் மலை உச்சி வேண்டும், பெரிய தொலைநோக்கி வேண்டும், மேகமற்ற கரிய வானம் வேண்டும். நமக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று நண்பர்கள் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் ஊர் வானம் ஏன் மங்கியிருக்கிறது, மங்கிய வானிலும் எவற்றைக் காணலாம், கண்டவற்றைக்கொண்டு பயனுள்ள பணி ஏதேனும் செய்ய இயலுமா என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானம் ஏன் மங்குகிறது?

விண்மீனின் ஒளி பல நூறு ஆண்டுகள் வெற்றிடத்தில் தடையின்றிப் பயணம் செய்து வருகிறது. இறுதியாக வளிமண்டலத்தைக் கடக்கும் நொடிக்கும் குறைந்த நேரத்திலேதான் அதற்கு இடையூறு நேர்கிறது. இந்த இடையூறுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் நீராவியும். இவை விண்மீன் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. தலைக்கு நேர் மேலே உள்ள விண்மீனின் ஒளி கடக்கும் காற்றின் அளவை ஒன்று என்று கொள்வோம். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளி இரண்டு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். 10 பாகை உயரத்தில் உள்ளதோ ஐந்தரை மடங்குக்கும் மேற்பட்ட காற்றைக் கடக்க வேண்டும். ஆகவே உச்சி வானில் பளிச்சென்று தெரியும் விண்மீன் அடிவானத்துக்கு இறங்கும்போது மங்கி மறைகிறது.

நம் நாட்டார்க்குத் துருவ மீன் எளிதில் அகப்படாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஓர் ஊரில் துருவ மீன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே அவ்வூரின் அகலாங்கு. எங்கள் ஊர் ஏறத்தாழ 11 பாகை வடக்கில் உள்ளது. ஆகவே துருவ மீனும் அடிவானத்துக்கு மேலே 11 பாகை உயரத்தில், தூசியும் தென்னந்தோப்பும் மறைக்கும் இடத்தில் நிற்கிறது. கதையில் கேட்ட துருவனை நேரில் கண்ட மாணவர் நம்மிடையே மிகச் சிலரே.

இரண்டாவது இடையூறு விளக்கொளி. தெருவிளக்கு தெருவை மட்டும் காட்டினால் குற்றமில்லை. மேல்நோக்கிச் செல்லும் ஒளி தூசியிலும் காற்றின் மூலக்கூறுகளிலும் பட்டுச் சிதறித் திரும்பி நம் கண்ணுக்கே வருகிறது. வானம் முழுவதும் ஒரு சாம்பல் நிறத் திரை விரித்தாற்போல் ஆகிவிடுகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். அலைநீளம் குறையக் குறைய, சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மிகும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைக் காட்டிலும், வெண்ணிற எல்.இ.டி. விளக்கில் உள்ள நீலப்பகுதி ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகச் சிதறுகிறது. 2015-ஆம் ஆண்டில் நாடு தழுவிய தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது முதல் நம் ஊர்களில் வெண்ணிற விளக்குகள் பெருகின. மின்சாரம் மிச்சமாயிற்று, ஆனால் வானம் மேலும் வெளுத்தது.

மூன்றாவது நிலவு. இதனைக் குறை சொல்லுதல் தகாது. நிலவே காணத்தக்க பொருள்தான். முழு நிலவு நாளில் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பாதி நிலவு முழு நிலவில் பாதி ஒளி தருவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளியே தருகிறது. பள்ளங்களின் நிழல்கள் நிலவின் முகத்திலேயே விழுவது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே வளர்பிறையின் முதல் வாரத்தில் நிலவையும் பார்க்கலாம்; அது மறைந்தபின் விண்மீன்களையும் பார்க்கலாம்.

ஒளியை அளக்கும் கோல்

மங்கல், பளிச்சு என்று பேசினால் போதாது, அளவு வேண்டும். கிரேக்க வானியலார் காலத்திலிருந்தே விண்மீன்களை ஒளிக்கேற்ப முதல் தரம் முதலாக ஆறாம் தரம் வரை பிரித்து வந்தனர். முதல் தரம் மிகப் பிரகாசமானது. ஆறாம் தரம் கூரிய கண்ணுக்குக் கரிய வானில் அரிதாகத் தெரிவது. இந்த வகைப்பாட்டுக்குக் கணித வடிவம் தந்தவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட நூறு மடங்கு ஒளியுடையது எனக் கொண்டால், ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள விகிதம் 2.512 என்று 1856-இல் அவர் வகுத்துத் தந்தார். உலகம் இன்றும் அதனையே பின்பற்றுகிறது.

இந்தப் போக்சன் நமக்கு அயலவர் அல்லர். 1861-இல் சென்னை வானாய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்து, 1891-இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் நுங்கம்பாக்கத்திலிருந்து வானத்தை ஆராய்ந்தவர். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தென்வானில் உள்ள ஒரு விண்மீன் ஒளி மாறுவதை 1867-இல் கண்டறிந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்கும் கலைக்கும் தமிழ்நாட்டுக்கும் இவ்வாறு நெடுநாள் உறவு உண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். 6.5 தரம் வரையுள்ள விண்மீன்களை எண்ணினால் வானம் முழுவதிலும் ஏறத்தாழ 9,000 இருக்கும். அவற்றில் ஒரு நேரத்தில் நமக்கு மேலே இருப்பது பாதி. நான்காம் தரம் வரை எண்ணினால் வானம் முழுவதிலும் ஏறத்தாழ 500 மட்டுமே. மூன்றாம் தரத்தோடு நின்றுவிட்டால் இருநூறுகூடத் தேறாது. நகரத்து வானம் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தரத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு தரம் குறைவது சிறு குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு தரம் குறையும்போதும் விண்மீன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்ணும் ஒரு கருவியே

காசு கொடுத்து வாங்காத நல்ல கருவி நம்மிடம் உண்டு. அதனைப் பயன்படுத்தத்தான் பலர் அறியார். வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்தவுடன் வானத்தைப் பார்த்து, "ஒன்றும் தெரியவில்லையே!" என்று திரும்பிவிடுவது வழக்கம். விழித்திரையில் கூம்புச் செல்கள், கோல் செல்கள் என இருவகை உண்டு. கூம்புச் செல்கள் நிறத்தைக் காட்டும், வெளிச்சம் வேண்டும். கோல் செல்கள் நிறம் அறியா. ஆயினும் மிகக் குறைந்த ஒளியையும் உணரும். அவற்றில் உள்ள ரோடாப்சின் என்னும் நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்ல மீண்டும் உருவாகிறது. இதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்த உழைப்பு வீணாகும்! சிவப்பொளி கோல் செல்களை மிகக் குறைவாகவே பாதிக்கிறது. ஆகவே டார்ச்சு விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிப் பயன்படுத்தலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதியில் கூம்புச் செல்களே நிறைந்துள்ளன. கோல் செல்கள் சுற்றுப்புறத்தில் உள்ளன. ஆகவே மங்கலான விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் மறையும். சற்றே பக்கவாட்டில் பார்வையைச் செலுத்தினால் தெரியும். நேரே பார்த்தால் ஒளிந்துகொள்வதும், ஓரக்கண்ணால் பார்த்தால் வெளிப்படுவதும் விண்மீனின் நாணம் என்று கவிஞர் சொல்லக்கூடும். விழித்திரையின் அமைப்பு என்று விஞ்ஞானம் சொல்கிறது.

விடுதி மாடியில்

இவற்றையெல்லாம் ஏட்டில் படித்தால் போதாதென்று, 2024 பிப்ரவரி 14-ஆம் நாள் இரவு விடுதி மாணவர் ஆறு பேர் மொட்டைமாடியில் கூடினோம். இயற்பியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் தம் பைனாகுலரைத் தந்து, தாமும் பத்து மணி வரை உடனிருந்தார். மாசி பிறந்து இரண்டாம் நாள். வளர்பிறைப் பஞ்சமி கழிந்து சஷ்டி தொடங்கியிருந்தது. மேகம் இல்லை; ஆனால் அடிவானம் எங்கும் புழுதிப் படலம். கிழக்கே பேருந்து நிலையத்தின் வெளிச்சம். தெற்கே மைதானத்தின் கம்ப விளக்கு. நல்ல வானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மேற்கே நிலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே வியாழன் அசைவின்றிச் சுடர்விட்டது. விண்மீன்கள் மின்னும், கோள்கள் பெரும்பாலும் மின்னா என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். விண்மீன் எத்துணைப் பெரியதாயினும் தொலைவினால் வெறும் புள்ளி. காற்றின் சலனம் அப்புள்ளியை அசைக்கிறது. கோளோ சிறு வட்டம். அதன் பல புள்ளிகளின் அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. பைனாகுலரைச் சுவரின்மேல் ஊன்றிப் பார்த்தபோது வியாழனின் பக்கத்தில் அதன் துணைக்கோள்கள் நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்தன. 1610-இல் கலிலியோ கண்டு உலகின் கருத்தை மாற்றிய அதே காட்சி! நிலவின் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு துல்லியமாக நின்றன. புழுதியும் விளக்கொளியும் இக்காட்சிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

எட்டு மணியளவில் கண் இருளுக்குப் பழகியது. மாசி மாதத்து முன்னிரவு நமக்கு ஒரு வரப்பிரசாதம். வானத்தின் மிக ஒளிமிக்க பகுதி அப்போது உச்சிக்கு வருகிறது. வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டம் ஐரோப்பியருக்குத் தென்வானில் சரிந்து தெரியும். நமக்கோ ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்கிறது. அங்கே காற்றின் தடை மிகக் குறைவு என்பதை முன்னர்க் கண்டோம். அக்கூட்டத்தின் சிவந்த மீன் திருவாதிரை. எதிர் மூலையில் நீல வெண்மையாக ஒளிர்வது ரைகல். நடுவே இடைக்கச்சை போல மூன்று மீன்கள் ஒரே வரிசையில். அந்த மூன்றையும் நீட்டிக் கோடிழுத்தால் ஒரு புறம் சிரியசும், மறுபுறம் ரோகிணியும் அகப்படும். ரோகிணியைத் தாண்டிச் சென்றால் கார்த்திகை.

ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினோம். அகத்தியர் மீன் எனப்படும் கனோபஸ், அடிவானத்துக்கு மேலே 26 பாகை உயரத்தில் தன் உச்சத்தை அடைந்திருந்தது. இரவு வானின் விண்மீன்களில் சிரியசுக்கு அடுத்தபடியாக ஒளி மிக்கது இதுவே. இலண்டன் நகரத்தார் இதனைத் தம் ஊரிலிருந்து என்றுமே காண இயலாது. நாமோ வீட்டு மாடியிலிருந்து காண்கிறோம். திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1968-இல் வானாய்வுப் பணி தொடங்கியதற்கும், 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டதற்கும் இந்த அகலாங்கே ஒரு காரணம். அங்கிருந்து வடவானையும் காணலாம். தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம்.

கார்த்திகையின் கணக்கு

அன்றைய இரவில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது கார்த்திகைக் கூட்டமே. பழந்தமிழில் இதற்கு அறுமீன் என்று பெயர். முருகனை வளர்த்த பெண்டிர் அறுவர் என்பது புராணம். ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது? இன்றைய அளவீடுகளைப் பாருங்கள். அக்கூட்டத்தின் பேரொளி மீன் 2.9 தரம். அடுத்த மூன்றும் 3.6-க்கும் 3.9-க்கும் இடைப்பட்டவை. ஐந்தாவது 4.2, ஆறாவது 4.3. ஏழாவதோ ஐந்தாம் தரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. சாதாரணக் கண்ணுடைய மனிதர் சாதாரணமான கிராமத்து இரவில் ஆறுதான் காண்பர். நம் முன்னோர் வைத்த பெயர் கற்பனை அன்று. எண்ணிப் பார்த்து வைத்த பெயர்.

ஆகவே கார்த்திகையே நமக்கு ஓர் அளவுகோல் ஆகிறது. ஓரியன் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், கருவி ஏதுமின்றி நம் வானத்தின் தரத்தை அளந்துவிடலாம். ஓரியனில் ஏழு முக்கிய மீன்கள் மட்டும் தெரிந்தால் வானம் இரண்டரைத் தரத்தோடு நிற்கிறது எனக் கொள்க. வேட்டைக்காரனின் தலையாகிய மிருகசீரிடம் மங்கலாகத் தெரிந்தால் மூன்றரை. கார்த்திகையில் நான்கு மீன் தெரிந்தால் நான்கிற்குச் சற்றுக் குறைவு. ஆறும் தெரிந்தால் நாலேகாலுக்கும் மேல்.

நாங்கள் எட்டரை மணிக்கு எண்ணினோம். ஒருவன் மூன்று என்றான். இருவர் நான்கு என்றனர். மற்றவர்களுக்கு வெறும் வெண்மைத் திட்டாகவே தெரிந்தது. கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வந்து படிக்கும் நண்பன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "எங்க ஊர்ல களத்துல படுத்தா ஆறும் தெரியும். எங்க ஆயா எண்ணிக் காட்டும். இங்க வந்து ரெண்டு வருசமா நான் மேல பார்க்கவே இல்ல" என்றான். அவன் சொன்னது எங்கள் அனைவர்க்கும் உறைத்தது.

பத்து மணிக்கு மைதானத்து விளக்கு அணைந்தது. பத்தரைக்குமேல் நிலவும் புழுதிக்குள் இறங்கி மறைந்தது. கார்த்திகையும் மேற்கே சாய்ந்திருந்தது. எனினும் மீண்டும் எண்ணியபோது மூவர் ஐந்து மீன்களைக் கண்டனர். ஒரே ஒரு கம்ப விளக்கும் ஓர் இளநிலவும் அகன்றதனால் ஏற்பட்ட மாற்றம் இது. நிலவை நாம் அணைக்க முடியாது. விளக்கை அணைக்கலாம் அல்லவா?

பைனாகுலரின் பயன்

இருளில் மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் வாயுடைய பைனாகுலர் அதைவிட ஏழு மடங்கு அகலம். பரப்பிலோ ஐம்பது மடங்கு. அவ்வளவுக்கு மிகுதியான ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குத் தருகிறது. நகரத்து மாடியில் நின்றுகொண்டே, கிராமத்துக் கண்ணுக்கும் அகப்படாத மீன்களைக் காணலாம். கார்த்திகையில் பல பத்து மீன்கள் வைரத்தூள் போலச் சிதறிக் கிடந்தன. ஓரியனின் இடைக்கச்சைக்குக் கீழே, ஏறத்தாழ 1,300 ஒளி ஆண்டுத் தொலைவில், புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் பெருமுகில் சிறு பஞ்சுத் துணுக்குப் போலத் தெரிந்தது. "இப்போது நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது இங்கே பல்லவர் ஆண்டுகொண்டிருந்தனர்" என்றார் பேராசிரியர். வரலாறு பயிலும் நண்பன் அதன்பிறகு பைனாகுலரை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை!

நள்ளிரவை நெருங்கும்போது வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் முழுமையாக மேலெழுந்தது. அதில் வசிட்டரும் அருகே அருந்ததியும். அருந்ததி நான்காம் தர மீன். வெறுங்கண்ணுக்கு அன்று தெரியவில்லை. பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. திருமணத்தில் அருந்ததி காட்டும் சடங்கு இன்றும் நடக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்துக் கூரையைக் காட்டி முடித்துவிடுகிறோம். இரவிலேயே காட்டினாலும் நகரத்து மணமக்களுக்கு அருந்ததி தெரியாத காலம் வந்துவிட்டது.

மங்கிய வானிலும் ஒரு நன்மை

மங்கிய வானம் எல்லாவற்றுக்கும் தீங்கானது என்று எண்ணிவிடக் கூடாது. வானத்தின் தெளிவு வேறு. காற்றின் அமைதி வேறு. மழை பெய்து ஓய்ந்து காற்று வீசும் இரவில் வானம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆனால் மேற்காற்றின் சலனத்தால் தொலைநோக்கியில் கோளின் உருவம் நீருக்கடியில் உள்ள காசு போல நடுங்கும். காற்று அசையாமல் புழுதி படிந்து நிற்கும் இரவில் விண்மீன்கள் மங்கலாயினும் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் பட்டைகள், சனியின் வளையம், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றைத் தொலைநோக்கியில் காண அத்தகைய இரவுகள் ஏற்றவை. எந்த இரவுக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று அறிந்து தேர்ந்தால் எந்த இரவும் வீணாவதில்லை.

வசதியற்றோர் செய்த வானியல்

வேடிக்கை பார்ப்பதற்கு அப்பால் நம்போன்றோர் பயனுள்ள பணி செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்றோர் இளைஞர் இருந்தார். குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்தவர். பெர்சியஸ் கூட்டத்தில் உள்ள ஆல்கால் என்னும் விண்மீனை 1782-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இரவுதோறும் கூர்ந்து நோக்கினார். அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் மங்கி மீள்வதைக் கண்டார். இருண்ட பொருளொன்று அதனைச் சுற்றிவந்து மறைக்கக்கூடும் என்று 1783-இல் விளக்கம் கூறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம்மில் பலருடைய வயது! ராயல் கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. இருபத்தொன்றாம் வயதில் அவர் மறைந்தார். அவர் கூறிய விளக்கம் சரி என்பது ஒரு நூற்றாண்டு கழித்து, 1889-இல், நிறமாலை ஆய்வினால் உறுதிப்பட்டது. ஆல்கால் 2.1 தரத்திலிருந்து 3.4 தரத்துக்கு இறங்கி ஏறுவதை நம் மாடியிலிருந்தே இன்றும் காணலாம்.

நம் நாட்டுச் சான்று இன்னும் நெருக்கமானது. ஒன்றுபட்ட வங்காளத்து ஜெசூர் நகரில் ராதாகோவிந்த சந்திரர் என்பவர் கருவூலத்தில் சிறு பணியில் இருந்தார். பள்ளி இறுதித் தேர்விலேயே தேறாதவர். 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். ஒளிமாறும் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் மதிப்பிட்டு அமெரிக்க ஒளிமாறு விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவருடைய உழைப்பை மதித்து அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடனாக அனுப்பியது. அக்கருவி பின்னாளில் வைணு பாப்பு அவர்களிடம் வந்து, காவலூரையும் வந்தடைந்தது. பகலில் நாணயம் எண்ணிய கை இரவில் விண்மீன் ஒளியை எண்ணியது என்றால், தேர்வும் பதவியும் அறிவுக்கு எல்லை ஆகா என்பது விளங்குகிறது அல்லவா?

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. கருவியில்லாத கண்ணுக்கும் அம்மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது. அம்மீன் தானே உமிழ்ந்த தூசிப் படலம் அதனை மறைத்தது என்று 2021-இல் ஆய்வாளர் விளக்கினர். தூசி விண்மீனை மறைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று போலும்! ரோகிணியோடு திருவாதிரையை ஒப்பிட்டு மாதம் ஒருமுறை குறித்துவந்த மாணவன் எவனும், அந்த மாற்றத்தைத் தானே கண்டுபிடித்திருப்பான்.

இழப்பும் கடமையும்

விண்மீன் எண்ணுவதே ஓர் அறிவியல் பணியாக ஆகிவிட்டது. உலகெங்கும் பொதுமக்கள் தம் ஊர் வானில் தெரியும் விண்மீன்களை மதிப்பிட்டு அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டி, 2023 ஜனவரியில் ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. 2011 முதல் 2022 வரை இரவு வானின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு மிகுந்துள்ளது என்பது அதன் முடிவு. அதாவது எட்டு ஆண்டுகளுக்குள் வெளிச்சம் இருமடங்காகிறது. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தை, பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும்போது, அதே ஊரில் நூறு விண்மீன்களையே காணும் என்று அக்கட்டுரை கணக்கிட்டது. நம் நண்பனின் ஆயா எண்ணிக் காட்டிய ஆறு மீன்கள் அவனுடைய பிள்ளைக்குக் களத்து மேட்டிலும் தெரியாமற் போகலாம்.

ஆறு, ஏரி ஆகியவற்றின் மாசு நீங்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். வானத்தின் வெளிச்ச மாசு அப்படிப்பட்டதன்று. விளக்கை மறைத்த அந்த நொடியே வானம் மீள்கிறது. விளக்கே வேண்டாம் என்பது நம் வாதமும் அன்று. மாணவியர் நடக்கும் பாதைக்கு வெளிச்சம் வேண்டும், பாதுகாப்பு முதன்மையானது. கம்ப விளக்குகளுக்குக் கூண்டு அமைத்து ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பினால் பாதையும் நன்றாகத் தெரியும், கண்கூச்சமும் குறையும், வானமும் பிழைக்கும். ஆடுவார் இல்லாத மைதானத்து விளக்கை ஒன்பது மணிக்கே அணைத்தால் மின்கட்டணமும் குறையும். வெண்ணிறத்துக்குப் பதிலாக மஞ்சள் சாயலுள்ள விளக்குகளைத் தேர்ந்தால் சிதறலும் குறையும். இவை பெருஞ்செலவு கேட்கும் திட்டங்கள் அல்ல. கல்லூரி நிருவாகம் இவற்றைக் கனிவோடு கருதுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறை நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. அதன் முதற்பக்கத்தில் அந்த மாசி இரவின் எண்ணிக்கை நாள், நேரம், நிலவின் நிலை ஆகியவற்றோடு பதிவாகியுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதத்தில், நிலவு இல்லாத ஓர் இரவையும் இளநிலவு உள்ள ஓர் இரவையும் தேர்ந்து, அதே மாடியிலிருந்து கார்த்திகையையும் ஓரியனையும் எண்ணி எழுதுங்கள். தமிழ் பயில்வோரும், வணிகவியல் பயில்வோரும், வரலாறு பயில்வோரும் எழுதலாம். கண் இருந்தால் போதும், கணக்கு வேண்டியதில்லை. நாம் பட்டம் பெற்றுப் பிரிந்த பின்னரும் அடுத்தடுத்து வருவோர் அந்த ஏட்டைத் தொடர்வார்களானால், நம் ஊர் வானத்தின் வரலாறு அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஏட்டில் எண்கள் மூன்றிலிருந்து இரண்டாக இறங்குமா, ஐந்திலிருந்து ஆறாக ஏறுமா என்பது நாம் விளக்குகளை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.